‘ஊர்’ என்றொரு கட்டம்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன கூலிகளின் கப்பல் பட்டியலில் எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் கட்டங்கள்தான். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். வலது முழங்காலில் தழும்பு, இடது கன்னத்தில் மச்சம் என்று, பெருங்கூட்டத்திலிருந்து ஒருவரைப் பொறுக்கி வெளியே இழுக்கத் தேவையான அளவுக்குக் கடைசிக் கட்டம் பேசும். 1860 அக்டோபரில் மதராசிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தபோது அதில் 342 பேர் இருந்தார்கள். அன்று தொடங்கிய வரிசை எண் 1911இல் கடைசிக் கப்பல் வந்து சேர்ந்தபோது 1,52,184இல் நின்றது. நடுவில் 1866 முதல் 1874 வரை ஆள் ஏற்றுவதே நின்றிருந்தது. எண் மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. போனவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸ் வழியாகப் போன தமிழர்களும் தெலுங்கர்களும். மற்றவர்கள் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள்.

இந்தக் கட்டங்களை நிரப்பிய குமாஸ்தாவுக்கு வரலாறு எழுதும் எண்ணமெல்லாம் கிடையாது. ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்ட முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டிய ஆள் இவர்தானா என்று சரிபார்க்க வேண்டும். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், அடுத்தடுத்த வருஷங்களில் ஒவ்வொரு ஷில்லிங் கூடுதல் என்று போகும் சம்பளத்தை யாரோ ஒருவர் பேரில் பற்று எழுத வேண்டும். தோட்டத்தை விட்டு ஓடிப்போனால் தழும்பைச் சொல்லித் தேட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை கட்டங்கள். பிறகு கல்யாணத்தைப் பதியப் போனாலும், ஒப்பந்தம் முடிந்து விடுதலைச் சீட்டு வாங்கப் போனாலும் அந்த எண்ணைத்தான் கேட்டார்கள். ஆகவே இன்று டர்பனில் ஒருவர் தன் கொள்ளுப்பாட்டியைத் தேட உட்கார்ந்தால் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது பாட்டியின் எண்ணை. பேரை மட்டும் வைத்துத் தேடினால் எத்தனையோ முனியம்மாக்கள், எத்தனையோ லட்சுமிகள். எண் கிடைத்துவிட்டால் கப்பல் தெரியும், ஏறிய தேதி தெரியும், இறக்கிய தோட்டம் தெரியும், ஊர் தெரியும்.

அந்தப் பட்டியல்கள் இப்போது கணினியில் ஏற்றப்பட்டுவிட்டன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஆவண மையம் அவற்றைப் பொதுவில் வைத்திருக்கிறது. வரலாற்றாசிரியர் சுரேந்திர பானா 1991இல் வெளியிட்ட ஆய்வு முழுக்க இந்தப் பட்டியல்களைக் கொண்டே எழுதப்பட்டது. மொரீசியசில் இன்னும் ஒரு படி மேல். 1860களின் நடுவிலிருந்து கூலிகளைப் புகைப்படம் எடுத்தும் வைத்தார்கள். மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போனால், அதிர்ஷ்டம் இருந்தால், தன் முப்பாட்டனின் முகத்தையே ஒருவர் பார்த்துவிட முடியும். சட்டை இல்லாமல், விறைத்த தோள்களோடு, கேமராவை எப்படிப் பார்ப்பது என்று தெரியாத ஒரு முகம். நம் ஊர் மிராசுதார்களில் அந்தக் காலத்துப் புகைப்படம் உள்ளவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியிலேதான் விஷயம் இருக்கிறது. வம்சாவளி தேடுவதைப் பற்றிப் பேசும்போது, எவ்வளவு தூரம் போனார்களோ அவ்வளவு தூரம் தடம் அழிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மை அப்படியில்லை. எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டுப் போனார்களோ அவ்வளவு துல்லியமாகத் தடம் இருக்கிறது. நேட்டாலுக்கும் மொரீசியசுக்கும் ஒப்பந்தத்தில் போனவருக்குப் பட்டியலில் ஒரு வரி உண்டு. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போன வியாபாரிக்கு அப்படி ஒரு வரி கிடையாது. கங்காணி கூட்டிப்போக இலங்கைக்குக் கால்நடையாகப் போனவருக்குக் கிடையாது. ஊரிலேயே இருந்துவிட்ட அண்ணனுக்கும் கிடையாது.

ஊரிலிருந்த அண்ணன் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிராமம் ஒன்றின் காகிதங்களைத் தேடிப் போனால் கிடைப்பவை நிலத்தின் காகிதங்கள். செட்டில்மென்ட் பதிவேடு, அடங்கல், சிட்டா. புல எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பேர். ஒரு ஊரில் பட்டா வைத்திருந்தவர்கள் மட்டுமே அதில் மனிதர்கள். பண்ணையாள், படியாள், மாடு மேய்த்தவர், களை எடுத்தவர், அந்த நிலத்தில் உண்மையில் சேறு மிதித்த எவரும் அந்தக் காகிதத்தில் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று மதராஸ் மாகாணத்தில் சட்டம் வந்ததே 1899இல். அதற்குப் பிறகும் சேரியில் பிறந்த குழந்தையை மணியக்காரர் எழுதினாரா என்பது மணியக்காரரின் மனசைப் பொறுத்தது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் முதலான பரம்பரைப் பதவிகளை ஒழித்தது, ஒழித்திருக்க வேண்டியதுதான். ஆனால் அவர்கள் வீட்டுப் பரணில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்த கட்டுகள் அத்தனையும் தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆக, வடாற்காட்டுக் கிராமம் ஒன்றில் கூலி வேலை செய்த ஒரு பெண்ணின் பெயரும் அவள் தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் ஒரே வரியில் காகிதத்தில் ஏறியது பெரும்பாலும், கப்பலேறும் வரை கூலிகளைத் தங்கவைத்த மதராஸ் டிப்போவில்தான் இருக்கும். அவளை விற்ற காகிதம் என்று சொல்லலாம். அவளைப் பதிந்த காகிதமும் அதுவே. பிறந்த ஊர் அவளுக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. பேத்தியின் பேத்தி டர்பனில் உட்கார்ந்து அந்த வரியைத் தடவிப் பார்க்கும்போது அவளுக்குக் கோபம் வருமா, நன்றி வருமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் வந்தால் இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது.

வரி கிடைத்ததும் ஊர் கிடைத்துவிடாது. தமிழ் காதில் ஏறாத குமாஸ்தா கேட்டதைக் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். புதூர், நல்லூர், பாளையம், குப்பம் என்று முடியும் ஊர்கள் ஒரு தாலுகாவிலேயே பல இருக்கும். ழகரமும் றகரமும் அந்த எழுத்தில் என்னவாக ஆகியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். எழுதியதை வாய்விட்டுப் பல விதமாகச் சொல்லிப் பார்த்துத்தான் ஊரை எட்ட வேண்டும். அப்படிச் சொல்லிப் பார்க்கக் கொஞ்சமாவது தமிழ் தெரிந்திருக்க வேண்டும். நான்காம் ஐந்தாம் தலைமுறையில் அது பெரும்பாலும் கிடையாது.

ஜில்லாவும் அதே ஜில்லா இல்லை. நேட்டால் பட்டியல்களில் அடிக்கடி வரும் பெயர் வட ஆற்காடு. இன்று வரைபடத்தில் அப்படி ஒரு மாவட்டமே கிடையாது. 1911இல், நேட்டாலுக்குக் கூலிக் கப்பல் நின்ற அதே வருஷம், அதன் வடக்குத் தாலுகாக்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் உண்டாக்கினார்கள். பிறகு மொழிவாரி மாநிலம் வந்தபோது சித்தூர் ஆந்திரத்துக்குப் போயிற்று. 1960இல் திருத்தணி மட்டும் திரும்பி வந்தது. எஞ்சிய வடாற்காடு 1989இல் இரண்டானது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தென்னாற்காடு இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. கப்பலேறியவர் ஒரே ஒரு முறை இடம்பெயர்ந்தார். அவர் விட்டுப்போன ஊர், இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, நாலைந்து முறை விலாசம் மாறியிருக்கிறது.

அந்தப் பக்கத்திலும் அதே கதை. 1950இன் குழுப் பகுதிகள் சட்டம் வந்த பிறகு டர்பனில் கேட்டோ மேனர் போன்ற இடங்களில் தகரமும் பலகையும் வைத்துத் தாங்களே கட்டிக்கொண்ட வீடுகளையும் கோயில்களையும் விட்டு இந்தியர்கள் சாட்ஸ்வர்த்துக்கும் பின்னால் ஃபீனிக்சுக்கும் அனுப்பப்பட்டார்கள். தாத்தாவின் விடுதலைச் சீட்டு, ஆயாவின் கல்யாணச் சான்று எல்லாம் டிரங்குப் பெட்டியில் இருந்திருக்கும். லாரியில் ஏற்றும்போது எது போயிற்று எது தங்கிற்று என்று யார் பார்த்தார்கள்? ஐம்பது வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைக்கு வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

பெயர்கள் வேறு குழப்பம். நம்மிடம் தகப்பன் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அங்கே ஆங்கில வழக்கப்படி ஏதாவது ஒன்றைக் குடும்பப் பெயராக நிறுத்த வேண்டியிருந்தது. சிலர் பிள்ளை, நாயுடு, முதலி, கவுண்டர், படையாச்சி என்று சாதிப் பட்டத்தை நிறுத்தினார்கள். சிலர் அந்த நேரத்தில் கைக்கு வந்த தகப்பன் பெயரை நிறுத்தினார்கள். ஆகவே ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரின் வம்சம் இரண்டு வேறு குடும்பப் பெயர்களில் நூறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கலாம். ஒரே பெயரில் உள்ள இரண்டு குடும்பங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லாமலும் இருக்கலாம். முனுசாமி, பெருமாள், சின்னசாமி என்ற குடும்பப் பெயர்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. எவனோ ஒரு முனுசாமி, தன் பெயர் ஐந்தாறு தலைமுறைக்கு நிற்கும் என்று கனவிலும் நினைக்காதவன், நிற்கிறான்.

எந்தக் கட்டத்திலும் எழுதப்படாத தடங்களும் உண்டு. தென்னாப்பிரிக்கத் தமிழ் வீடுகளில் பாட்டியை ஆயா என்று கூப்பிடுவார்கள். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்களுக்கு அது எங்கிருந்து போனது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பது அங்கே ஒரு பெரிய காரியம். தமிழ் மறந்த வீடுகளிலும் கூழ் மறக்கவில்லை. ஐசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் சமயத்தில்தான் பெருங்கூட்டம், கரும்பாலைகள் லீவு விட்டது அப்போதுதான் என்பதால். சில கோயில்களில் தீமிதி புனித வெள்ளியன்று நடக்கும். இதைக் கேட்டு இங்கே சிரிப்பவர்கள் உண்டு. நாள் கொடுத்தது முதலாளி, சாமியைத் தேர்ந்தது இவர்கள் என்று பார்த்தால் சிரிக்க ஒன்றுமில்லை.

இப்படியெல்லாம் தேடி, கடைசியில் ஒரு வாடகைக் காரில் ஊருக்குள் வந்து இறங்குகிறார்கள். சென்னை விமான நிலையத்திலிருந்து நேராக, தோளில் கேமரா, கையில் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாள். டிரைவர்தான் மொழிபெயர்ப்பாளர். பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்திய ஒரு பெயரைச் சொல்லித் தெரியுமா என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? ஆனாலும் அவர் உடனே தெரியாது என்று சொல்லிவிட மாட்டார். “எந்தத் தெருன்னு கேளுப்பா” என்பார் டிரைவரிடம்.

அங்கேதான் அந்தத் தாளின் ஆறாவது கட்டம் வேலை செய்யத் தொடங்குகிறது. டர்பனிலிருந்து வந்தவருக்கு ஊர்க் கட்டம்தான் முக்கியம். சாதிக் கட்டம் பழங்காலத்து விநோதம். ஊர்க்காரருக்கு நேர் எதிர். சாதி தெரிந்தால்தான் வந்தவரை ஊருக்குள் கூட்டிப்போவதா, ரோட்டைத் தாண்டிக் காலனிக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய முடியும். டிரைவர் சில சமயம் புத்திசாலித்தனமாக அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிடுவார். எதுவும் தெரியாமல், மரியாதையாகக் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, எல்லோரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டு, பூர்வீகத்தைப் பார்த்துவிட்டோம் என்று திரும்பிப் போனவர்கள் இருப்பார்கள். அவர்கள் பார்த்தது அவர்கள் பாட்டன் நுழையவே முடியாத தெருவாக இருந்திருக்கலாம்.

பட்டியலின் சாதிக் கட்டத்தை அப்படியே நம்பிவிடவும் முடியாது. எல்லாச் சாதியாரும் போனார்கள். பறையர், வன்னியர், வேளாளர், கவரை, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று அந்தக் கட்டம் கலந்தே இருக்கிறது. சொன்னதை எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். சொன்னது நிஜமா என்று ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிக்கவில்லை. டிப்போவில் கீழே இறங்கிச் சொன்னவர்களும் இருந்தார்கள், மேலே ஏறிச் சொன்னவர்களும் இருந்தார்கள். மேல்சாதி என்று சொன்னால் வயல் வேலைக்கு லாயக்கில்லை என்று கழித்துவிடுவார்களோ என்ற பயம் முதல் வகைக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் யாருக்குத் தெரியப்போகிறது என்ற துணிச்சல் இரண்டாவது வகைக்கு. இந்த இரண்டாவது வகைப் பொய்யை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த ஐந்து வருஷ அடிமை ஒப்பந்தத்தில் ஒரு மனிதன் தன் வாயால், தன் விருப்பத்துக்கு, நிரப்பிக்கொண்ட ஒரே கட்டம் அதுதான். அந்தக் கட்டத்தை ஆதாரமாகக் கொண்டு ஐந்தாம் தலைமுறை தன் சாதியைக் ‘கண்டுபிடித்து’ இங்குள்ள சாதிச் சங்கத்தோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்வது வேறொரு கூத்து.

பெண்களின் வரிகள் தனி. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. எண்ணிக்கையைச் சரிக்கட்ட ஏஜண்டுகள் அலைந்தார்கள். தனியாகப் போனவர்களும், கைக்குழந்தையோடு போனவர்களும், டிப்போவிலேயே ஒருவனைக் கணவன் என்று சொல்லிக்கொண்டு போனவர்களும் அதில் உண்டு. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு விதவைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று யோசித்தால் இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. ஆனால் வம்சாவளி வரைகிறவர்கள் தாளில் ஆண் வழிக்கே கோடு இழுக்கிறார்கள்: தகப்பன், அவன் தகப்பன், அவன் தகப்பன், கப்பல், ஊர். அந்தக் கோடு ஒரே ஒரு ஊரில் போய் முடிகிறது. அம்மா வழிகளையும் சேர்த்தால் ஐந்தாம் தலைமுறையில் பதினாறு பேர். பதினாறு கப்பல், பதினாறு ஊர், இரண்டு மூன்று மொழி, ஒருவேளை கல்கத்தாவில் ஏறிய போஜ்புரிக்காரி ஒருத்தி. ஊர் என்று ஒருமையில் பேசுவது அப்போது கஷ்டமாகிவிடும். தேடுகிறவர்கள் அதனாலேயே அந்தப் பக்கம் போவதில்லை என்று சந்தேகிக்கிறேன்.

தில்லையாடி வள்ளியம்மையை எடுத்துக்கொள்ளலாம். 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணங்கள் செல்லாது என்று 1913இல் நீதிமன்றம் சொன்ன பிறகு தெருவில் இறங்கிய பெண்களில் ஒருவர். பல்லாயிரம் பாட்டி தாத்தாக்களின் கல்யாணத்தை ஒரே தீர்ப்பில் இல்லாமல் ஆக்கிய விவகாரம் அது. ஒப்பந்தம் முடிந்தும் திரும்பாதவர்கள் மேல் போட்ட மூன்று பவுன் தலைவரியும் சேர்ந்துகொள்ள, போராட்டம் நேட்டால் முழுக்கப் பரவியது. சிறையில் நோய்ப்பட்டு 1914 பிப்ரவரியில், பதினாறு வயதில், இறந்துபோனார். தில்லையாடி அவருடைய அம்மாவின் ஊர். அடுத்த வருஷம் காந்தி அந்த ஊருக்கு வந்தார். இன்று அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் வளர்ந்து அந்த நாட்டுச் சட்டத்தை எதிர்த்துச் செத்த ஒரு பெண்ணின் முன்னால் நாம் ஒரு காவிரிப் படுகை ஊரைச் சேர்த்துவிட்டோம். அவரிடம் கேட்டிருந்தால் எந்த ஊர் என்று சொல்லியிருப்பார்?

இலங்கைக்கு வருகிறேன். கங்காணி முறையில் போனவர்களுக்கு ஆளுக்கொரு வரி இல்லை என்றேன். ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாகப் போய், கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து மலையேறினார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. கங்காணியிடம் இருந்தது கடன் கணக்கு. தோட்டம் மாறும்போது ஆளோடு கூடவே போனது ‘துண்டு’, அதாவது இவ்வளவு கடனை அடைத்தால் இந்தக் கூலியை எடுத்துக்கொள்ளலாம் என்ற சீட்டு. 1921 வரை அது செல்லுபடியானது. துண்டில் தொகை இருக்கும். ஊர் எதற்கு?

ஆனால் அந்த ஜனங்களிடம்தான் பிறகு ஒரு அரசாங்கம் வம்சாவளி கேட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்குக் காகிதம் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த பாட்டனுக்கு எந்தக் காகிதம்? டர்பன்காரர் ஆசையாகத் தேடும் அதே தாளை நுவரெலியாக்காரர் பயந்து தேடினார். கிடைக்கவில்லை என்பதால் நாடில்லாதவர் ஆனார். அடுத்த வருஷம் வந்த இந்திய பாகிஸ்தானிய வாசிகள் சட்டத்தின்படி சுமார் எட்டேகால் லட்சம் பேருக்காக விண்ணப்பித்தார்கள். ஒன்றரை லட்சம் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை.

1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு பிரித்தது. ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு, பாக்கி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் ஏறி ராமேசுவரத்தில் இறங்கியவர்களில் பலருக்குச் சொந்த ஊர் என்பது பாட்டன் வாயால் கேட்ட ஒரு பெயர். அந்த ஊருக்குப் போனவர்களை ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை, சிலோன்காரன் என்றது. கடைசியில் பலர் போய்ச் சேர்ந்தது மறுபடியும் மலைக்கும் தேயிலைக்குமே: கூடலூர், கோத்தகிரி, குன்னூர். அவர்களுக்கென்று ஆரம்பித்தவைதான் தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள். இலங்கையிலேயே இருந்துவிட்டவர்களில் கடைசியாக மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003இல்தான் குடியுரிமைச் சட்டம் வந்தது.

பூர்வீகம் தேடும் ஆசையைப் பற்றி யாராவது நெகிழ்ந்து பேசும்போது எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வந்து பேச்சு நின்றுவிடுகிறது. உன் தாத்தா எங்கே பிறந்தார் என்ற கேள்வியை ஒருவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்வது ஒன்று. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பது வேறு. மலேயா பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை. ‘ரஜூலா’ கப்பல் 1926 முதல் 1973 வரை நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் போய்வந்துகொண்டிருந்ததால் அங்கே ஊர்த் தொடர்பு நம் காலம் வரை அறாமல் இருந்தது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் வம்சம் சொல்லும் மரபணுச் சோதனையும் இப்போது வந்திருக்கிறது. அது தென்னிந்தியா என்று சொல்லும். அது தெரிந்துதானே துப்பினார்கள்.

இத்தனையிலும் நான் கவனித்த ஒன்று, தேடல் ஒரு திசையில் மட்டும் நடக்கிறது. டர்பனிலிருந்தும் போர்ட் லூயிசிலிருந்தும் இங்கே வருகிறார்கள். இங்கிருந்து, எங்கள் ஊரிலிருந்து யார் யார் போனார்கள் என்று யாரும் தேடுவதில்லை. பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போய்ப் பணம் அனுப்பியவர்களை ஊர் நினைவில் வைத்திருக்கிறது, அவர்கள் கட்டிய கோபுரத்தில் பெயர் இருக்கிறது. நேட்டாலுக்குப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பவில்லை. திரும்பியவர்கள் பணக்காரர்களாகத் திரும்பவில்லை. 1927இல் கேப்டவுன் ஒப்பந்தப்படி, ஊர் திரும்பச் சம்மதித்த பெரியவர்களுக்கு ஆளுக்கு இருபது பவுன் கொடுத்துக் கப்பலேற்றி அனுப்பினார்கள். வந்தவர்களைச் சொந்தச் சாதிக்காரர்களே சேர்க்கவில்லை. அவர்களை மறப்பது ஊருக்கு வசதி. பஞ்சத்தில் சோறு போடாத ஊர், வட்டிக்கு நிலத்தை எழுதி வாங்கிய ஊர், புருஷன் செத்தவளை வெளியே தள்ளிய ஊர் எதை நினைவில் வைக்கும்?

ஆனால் பட்டியலைத் திருப்பிப் படிக்கத் தடையில்லை. கப்பல்வாரியாக இருப்பதை ஊர்வாரியாக அடுக்கிக்கொண்டால் போதும். ஒரு வட்டாரக் கல்லூரியின் வரலாற்றுத் துறை, ஆசிரியர் ஒருவரும் நாலைந்து மாணவர்களும், தங்கள் தாலுகாவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எந்தெந்த ஊரிலிருந்து, எந்தெந்த வருஷம், எத்தனை பேர், என்ன வயது என்று வந்துவிடும். குமாஸ்தா எழுதிய கொச்சையைப் பார்த்து எந்த ஊர் என்று உடனே சொல்ல அந்தப் பிள்ளைகளால் முடியும். டர்பனில் உள்ளவரால் முடியாது. வெளியானால் கிராமசபையில் படிக்கலாம். சாதிக் கட்டத்தோடு படிப்பதா, அதை விட்டுவிட்டுப் படிப்பதா என்று அங்கே தகராறு வரும். விடாமல் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. பெயர் படிக்கப்படும்போது காலனியிலிருந்து ஒருவரும் ஊர்த்தெருவிலிருந்து ஒருவரும், இது எங்கள் வகையறா என்று ஒரே பெயருக்கு எழுந்து நிற்கக்கூடும். டிப்போவில் அந்த ஆள் என்ன சொல்லியிருப்பான் என்று அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.